திருகோணமலையில் ஒரு களக் கிழமை: பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வகுப்பறையை விட்டு வெளியே போய், கையால் செய்து, கண்ணால் பார்த்துப் படிக்கும் ஐந்து நாட்களைத்தான் நாங்கள் களக் கிழமை என்கிறோம். திங்கள் முதல் வெள்ளி வரை, தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்கு. நாங்கள் என்பது திருகோணமலை நகரத்தில் படிப்பிக்கும் ஆசிரியர்கள் சிலரும் பெற்றோர் சிலரும். பிள்ளைகளின் வீடுகளிலிருந்தும், இதைத் தங்கள் பாடசாலையில் நடத்திப் பார்க்க விரும்பும் ஆசிரியர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

இது சுற்றுலாதானே, இன்னொரு பெயர் எதற்கு?

சுற்றுலா எப்படி என்று உங்களுக்குத் தெரியும். விடிய நான்கு மணிக்கு பஸ், பாட்டு, ஒரே நாளில் ஏழெட்டு இடம், இடத்துக்கு இருபது நிமிடம், ஒரு குழுப்படம், இரவு பத்து மணிக்குப் பாதிப் பேர் வாந்தியோடு வீடு. அதிலும் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. நாங்கள் அதற்கு எதிரி இல்லை.

களக் கிழமையில் ஒரு நாளைக்கு ஒரே இடம். அங்கே குறைந்தது மூன்று மணி நேரம். பஸ்ஸில் ஏறும்போதே பிள்ளையின் கையில் ஒரு கேள்வியும் ஒரு கருவியும் இருக்கும். பதிலை ஆசிரியர் சொல்ல மாட்டார். அளந்தோ, எண்ணியோ, வரைந்தோ, அங்கே நிற்கும் யாரையாவது கேட்டோ பிள்ளைதான் தேடி எடுக்க வேண்டும்.

“போற வழியில இன்னொரு இடத்தையும் பார்த்திட்டு வரலாமே” என்று யாராவது ஓர் ஆசிரியர் கட்டாயம் சொல்வார். வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் பிள்ளைகள் ஓடுவார்கள், கத்துவார்கள், கொண்டு வந்ததைத் தின்று முடிப்பார்கள். அது அடங்கிய பிறகுதான் ஒரு பொருளை உற்றுப் பார்க்கத் தொடங்குவார்கள். இடத்துக்கு நாற்பது நிமிடம் என்று திட்டம் போட்டால், அவர்கள் பார்க்கத் தொடங்குவதற்கு முன்பே நாங்கள் விசில் ஊதி பஸ்ஸில் ஏற்றிவிடுவோம்.

ஏன் தரம் 6 முதல் 9 வரை மட்டும்?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிந்துவிட்டது, தரம் 11 சாதாரண தரப் பரீட்சை இன்னும் கழுத்தைப் பிடிக்கவில்லை. எங்கள் கல்வி முறையில் ஒரு பிள்ளைக்கு மூச்சு விடக் கிடைக்கும் வருடங்கள் இவைதான். அதோடு, பதினொன்று, பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் வெட்கமில்லாமல் கேள்வி கேட்பார்கள். பதினைந்தில் கேட்க மாட்டார்கள்.

எந்த மாதத்தில் நடத்துவது நல்லது?

ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை. நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்றும் மழையும். கடல் கரைக்கு ஏறி அடிக்கும். படகு ஓடாது, கரையில் நின்று இழுக்கும் கரைவலையும் போடமாட்டார்கள். நிலாவெளிக்கு முன்னால் கடலில் இருக்கும் புறாத்தீவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் மே முதல் செப்டெம்பர் வரைதான் நம்பலாம்.

ஆனால் அதே மாதங்களில்தான் தென்மேற்கிலிருந்து வரும் வரண்ட கச்சான் காற்று நெருப்பாக வீசும். அதனால் வெளியிடங்களில் செய்யும் வேலை எல்லாம் காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடிய வேண்டும். பத்தரைக்குப் பிறகு வெயிலில் நிற்கும் பிள்ளை எதையும் படிக்காது, தண்ணீர் மட்டுமே கேட்கும்.

தவணைப் பரீட்சை முடிந்து விடுமுறை தொடங்குவதற்கு முந்திய கிழமை மிகவும் பொருத்தம். அந்தக் கிழமையில் வகுப்பில் எப்படியும் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். முஸ்லிம் பாடசாலைகளோடு சேர்ந்து நடத்துவதானால் நோன்பு விடுமுறையைப் பார்த்துத் திகதி குறியுங்கள். அவர்களுடைய தவணை எங்களுடையதோடு ஒத்து வராது.

முதல் நாள் பாடசாலைக்குள்ளேயே என்கிறீர்களே, அது என்ன களப்பயணம்?

திங்கட்கிழமை கருவி செய்யும் நாள். கடையில் வாங்கிய கருவியைப் பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். தாங்களே செய்ததைச் சந்தேகப்படுவார்கள். எங்களுக்குச் சந்தேகந்தான் வேண்டும்.

பாகைமானியின் நடுவில் நூல் கட்டி, நூலின் நுனியில் ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டால் ஏற்றக்கோணம் அளக்கும் கருவி தயார். பார்வைக் குழாய்க்குக் குடிபான ஸ்ட்ரோ போதும். ஐம்பது மீற்றரை நாடாவால் அளந்து, அதைத் தன் காலடியால் எத்தனை எட்டில் கடக்கிறேன் என்று ஒவ்வொரு பிள்ளையும் எண்ணி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கிழமை முழுக்க நாடா தேவையில்லை.

மைதானத்தின் நடுவில் ஒரு மீற்றர் தடியை நட்டு, பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை நிழலின் நுனியை இடையிடையே போய்க் கல் வைத்துக் குறிப்பதும் அன்றைக்குத்தான். எது மிகக் குறுகிய நிழலோ அதுதான் உண்மையான நடுப்பகல், அந்த நிழல் கிடக்கும் கோடுதான் வடக்குத் தெற்கு. திருகோணமலை வட அகலாங்கு எட்டரைப் பாகையை ஒட்டி இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேரே உச்சிக்கு வரும். அந்த நாட்களில் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில் தடிக்கு நிழலே இருக்காது. திகதியை அதற்கேற்பப் போட முடிந்தால் போடுங்கள். நிழல் காணாமல் போனதைப் பார்த்த பிள்ளைக்கு அகலாங்கு என்றால் என்ன என்று திரும்பவும் சொல்லத் தேவைப்படாது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு வருவதைத் தவிர என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. எங்களைக் கேட்டால், மாவட்டத்தில் தரம் 6, 7 பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆய்வுகூடம் கிடையாது. அநுராதபுர வீதியில் நகரத்திலிருந்து கிட்டத்தட்ட எட்டுக் கிலோமீற்றர். சின்னச் சின்னச் சதுரக் கிணறுகள் ஏழு, ஒன்றுக்கொன்று சில அடி தூரத்தில். எல்லாமே ஆழமில்லாதவை. எல்லாவற்றிலும் வெந்நீர், ஆனால் எல்லாவற்றிலும் ஒரே சூடு இல்லை. அதைக் கையை விட்டுப் பார்த்தே எல்லாரும் சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்கும் வேலை, எது எவ்வளவு என்று அளப்பது.

குழுவுக்கு ஒரு கிணறு, ஒரு வெப்பமானி. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மூன்று தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொடுத்து விடாதீர்கள். அது 35 பாகையிலிருந்து 42 வரைதான் காட்டும், சூடு கூடினால் வெடிக்கவும் கூடும். ஆய்வுகூடத்தில் இருக்கும் 0 முதல் 100 பாகை வரையான சிவப்புத் திரவ வெப்பமானிதான் வேண்டும். பாதரசம் உள்ளது வேண்டவே வேண்டாம்.

இனித்தான் சண்டை தொடங்கும். ஒரு குழு வாளியில் அள்ளிய நீரை அளந்திருக்கும், இன்னொன்று வெப்பமானியை நேரே கிணற்றுக்குள் விட்டிருக்கும், மூன்றாவது வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வாசித்திருக்கும். எண்கள் ஒத்து வராது. “உங்கட பிழை”, “இல்லை உங்கட பிழை” என்று கால் மணி நேரம் போகும். ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாரும் ஒரே மாதிரி அளக்காவிட்டால் ஒப்பிட முடியாது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பாடப்புத்தகம் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கும். அந்த வரியை மனப்பாடம் செய்த பிள்ளைகள்தான் இங்கே சண்டை பிடிக்கிறார்கள்.

ஏன் சூடு? “எரிமலை” என்று கட்டாயம் ஒரு பிள்ளை சொல்லும். இலங்கையில் உயிரோடிருக்கும் எரிமலை கிடையாது. நிலத்துக்குள் இறங்க இறங்க, ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 25 முதல் 30 பாகை வரை சூடு கூடும். மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆழத்துக்குப் போய்ச் சூடாகி, வேறொரு வெடிப்பால் மேலே வருகிறது. அப்படியானால் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஏன் வேறு வேறு சூடு? இந்தக் கேள்வியோடு பஸ்ஸில் ஏறட்டும். மேலே வரும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் கலக்கிறதா, வரும் வழிகள் வேறா என்று வீடு வரும்வரை விவாதிப்பார்கள்.

இராவணன் கதையையும் விடாமல் சொல்லுங்கள். தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் வாளால் ஏழு இடத்தில் குத்த நீர் பொங்கியது என்பது ஊர் சொல்லும் கதை. இன்றைக்கும் இறந்தவர்களின் 31ஆம் நாள் கிரியைக்காகக் குடும்பங்கள் அங்கே வருகின்றன. துக்கத்தோடு வந்து நிற்பவர்களுக்கு முன்னால் கும்மாளம் போடக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லி வையுங்கள். அவர்கள் வந்தால் அளவையை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

கோணேசர் கோயில் நாளில் என்ன செய்வீர்கள்? எல்லாப் பிள்ளையும் பார்த்த கோயில்தானே.

பார்த்ததுதான். அதனால்தான் வெளியிலிருந்து தொடங்குகிறோம். காலை ஆறரைக்கு டச்சு பே கடற்கரை. அங்கிருந்து, கோயில் நிற்கும் சுவாமி மலையின் உயரத்தை அளக்க வேண்டும், மலையின் அடிக்குப் போகாமல். மலையை நோக்கிய ஒரே கோட்டில் இரண்டு இடங்களில் நின்று ஏற்றக்கோணம் எடுத்து, இடையில் உள்ள தூரத்தைக் காலடியால் அளந்து, அளவிடைப் படம் வரைந்தால் உயரம் வந்துவிடும். தரம் 9 பிள்ளைகள் இதைச் செய்து முடிப்பார்கள். சின்னவர்கள் கோணம் எடுத்துக் கொடுப்பார்கள். குழுக்களின் விடைகள் ஒன்றுக்கொன்று இருபது முப்பது மீற்றர் வித்தியாசப்பட்டாலும் பரவாயில்லை. வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் அன்றைய பேச்சு.

அப்புறம், கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டை வாசல். பிரெட்ரிக் கோட்டை என்று இன்று நாம் சொல்வது, போர்த்துக்கேயர் 1622இல் பழைய கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் சேர்த்துக் கட்டியதில் தொடங்கியது. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் எடுத்தார்கள். வாசல் கல்லில் பாண்டியரின் சின்னமான இரட்டைக் கயல் மீனும் தமிழ் எழுத்தும் இன்னும் இருக்கின்றன. அந்த வழியால் நூறு தடவை போன பிள்ளைகள்கூட அதைக் கண்டதில்லை. அதைத் தேடிக் கண்டுபிடித்து, தெரியும் எழுத்துகளை மட்டும் கொப்பியில் பார்த்து எழுத வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது.

உள்ளே புள்ளிமான்கள். மான் எண்ணுவது சின்னவர்களின் வேலை: எத்தனை, அதில் கொம்புள்ளவை எத்தனை, என்ன தின்கின்றன. மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் நல்லதாக இருக்காது. சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீன் அதில் கட்டாயம் இருக்கும்.

மேலே, இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம். கீழே நீருக்கடியில்தான் 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடியபோது பழைய கோயிலின் கற்களைக் கண்டார்கள். மார்ச்சுக்கும் ஓகஸ்டுக்கும் இடையில் அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்தில் திமிங்கிலம் ஊதுவதும் தெரியும். கரைக்கு இவ்வளவு கிட்டத்தில் நீலத் திமிங்கிலம் வருவதற்குக் காரணம், திருகோணமலைக்கு முன்னால் கடலடியில் கிடக்கும் ஆழமான பள்ளத்தாக்கு. துறைமுகம் இவ்வளவு ஆழமாக இருப்பதையும் மகாவலி வந்து கொட்டியாரக் குடாவில் விழுவதையும் ஒரே வரைபடத்தில் அங்கேயே விரித்துக் காட்டலாம்.

வேறு மதப் பிள்ளைகள்? அந்த நாளில் கோயிலுக்குள் போக முடியாத பெண்பிள்ளைகள்?

இதைத் தாய்மார் தனியாக அழைத்து மெதுவாகக் கேட்பார்கள். வெளிப்படையாகவே எழுதி வைக்கிறோம். கோயிலுக்குள் போவது அன்றைய வேலையில் சேர்ந்ததே இல்லை. உயரம் அளப்பது, கல், மான், கடல் எல்லாமே வெளியில். கும்பிட விரும்புகிறவர்கள் கடைசி அரை மணி நேரத்தில் போய் வரலாம். அந்த நேரத்தில் வெளியே நிற்பவர்களுக்குக் கடலில் தெரியும் கப்பல், வள்ளங்களை எண்ணும் வேலை உண்டு, ஓர் ஆசிரியையும் கூடவே நிற்பார். முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளும் கூட்டமாக அங்கே நிற்பதால், யார் எதற்காக நிற்கிறார் என்று எவரும் கேட்க மாட்டார்கள். நாங்களும் கேட்க மாட்டோம். முதலுதவிப் பையில் நாப்கின் எப்போதும் இருக்கும். கேட்கவே தேவையில்லை, பை எங்கே என்று எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் காட்டி வைப்போம்.

இடங்கள் யாருடையவை என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

கேட்பார்கள். கன்னியா விடயம் நீதிமன்றம் வரை போனது அவர்களுக்கும் தெரியும். வீட்டில் பெரியவர்கள் பேசுவது காதில் விழாமலா இருக்கும்? “அதெல்லாம் இப்ப கதைக்காதே” என்று வாயை அடைக்காதீர்கள். கண்ணுக்கு முன்னால் என்ன இருக்கிறது, எந்த மொழியில் எழுதியிருக்கிறது, யார் இன்றைக்கு இங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். மிச்சத்தை வீட்டில் கேட்கட்டும், ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டில்.

தரம் 8, 9 பிள்ளைகளாக இருந்தால், பெரியகுளத்துக்குக் கிட்டவுள்ள வெல்கம் விகாரைக்குக் கூட்டிப் போவது எந்தப் பேச்சையும்விட உதவும். அது பௌத்த விகாரை. சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். அங்கே விளக்கெரிக்கக் கொடுத்த தானங்களைக் கூறும் கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. ஊரில் நாதனார் கோயில் என்றும் சொல்வார்கள். தமிழ் என்றால் சைவம், பௌத்தம் என்றால் சிங்களம் என்று தெளிவாகக் கோடு கீறி வைத்திருக்கும் பிள்ளை அந்தக் கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கும். ஆசிரியரும்தான்.

யுத்தத்தைப் பற்றிக் கேட்டால்? தங்களுக்கு நடந்ததைச் சொல்ல விரும்பும் ஆசிரியர் சொல்லலாம். விரும்பாதவரை நிர்ப்பந்திக்கக் கூடாது.

பிள்ளைகளைக் கடலில் இறக்குவீர்களா?

இல்லை. முழங்கால் அளவுக்குக்கூட இல்லை. கெஞ்சிப் பார்ப்பார்கள். மசிய வேண்டாம்.

அப்படியானால் கடல் நாள் எதற்கு?

கரைவலைக்கு. உப்புவெளி, சாம்பல்தீவுப் பக்கம் கடல் அடங்கிய மாதங்களில் காலையில் கரைவலை இழுப்பார்கள். முதல் நாளே, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போய்க் கேட்க வேண்டும். “நாளைக்குப் பிள்ளைகளோட வரலாமோ ஐயா” என்று மரியாதையாகக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். இடைஞ்சல் கொடுக்காமல் நிற்பதாகச் சொல்ல வேண்டும், சொன்னபடி நிற்கவும் வேண்டும்.

வள்ளம் கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுப் பெரிய வளைவாகப் போய், வலையை இறக்கி, மறு முனையைக் கொண்டுவந்து தரும். இரண்டு அணியாகப் பிரிந்து இழுப்பார்கள். மீன் சேரும் பை போன்ற மடி கடைசியாகத்தான் வரும். முன்பு அம்பா என்ற தொழில் பாட்டைப் பாடி இழுத்தார்கள். இப்போது பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் இழுக்கிறது. பிள்ளைகளைக் கயிற்றில் ஒரு கை போட விடுங்கள். இவ்வளவு பேர் இழுத்தும் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்று அந்தக் கையே கேட்கும். நீரின் தடை என்பதை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

மடி அவிழ்ந்ததும் வேலை. விற்பனைக்குப் போகும் மீனைத் தொடக் கூடாது. சம்மாட்டி ஒதுக்கித் தரும் ஒரு கூடையை மட்டும் வகை பிரிக்கலாம். சூடை, கீரி, நெத்தலி, காரல், பாரை, கணவாய். பெயரைப் பிள்ளைகள் இழுப்பவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். ஒரே மீனுக்குக் கிண்ணியாப் பிள்ளை ஒரு பெயரும் நிலாவெளிப் பிள்ளை இன்னொன்றும் சொல்லும், இரண்டையும் எழுதட்டும். அளவுகோலில் நீளம் பார்த்து வகைக்கு ஒரு சலாகை வரைபு. மீனோடு வந்த பிளாஸ்டிக்குக்குத் தனியாக ஒரு நிரல்.

எங்களுக்கு இந்த நாளில் மிகவும் பிடித்தது பங்குக் கணக்கு. வலைக்காரருக்கு எவ்வளவு, வள்ளத்துக்கு எவ்வளவு, இழுத்தவர்களுக்கு எவ்வளவு என்று கேட்டு, அன்றைய விலையில் ஒருவருக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்ப்பார்கள். விகிதம் என்ற பாடத்தைக் கேக் வெட்டிப் படித்த பிள்ளைகள், ஒரு குடும்பத்தின் இரவுச் சாப்பாடு அதில் இருப்பதை அங்கே காண்பார்கள். அந்தக் கரையில் இழுப்பவர்களில் ஒருவர் வகுப்பிலுள்ள ஒரு பிள்ளையின் அப்பாவாக இருந்தால் இன்னும் நல்லது. அன்றைக்கு அவர்தான் சேர்.

புறாத்தீவுக்குப் போகலாமா?

தரம் 8, 9 என்றால், கடல் அமைதியாக இருந்தால், போகலாம். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். 2003இலிருந்து தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும். எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி, அளவான அங்கி. பெரியவர்களின் அங்கியைப் பிள்ளைக்குப் போட்டால் நழுவிவிடும். மாடப்புறாவையும், கரையில் ஒதுங்கிக் குவிந்து கிடக்கும் செத்த பவளத் துண்டுகளையும் பார்ப்பதோடு நிறுத்துங்கள். ஒரு துண்டைக்கூடப் பையில் போட விடக்கூடாது. உயிர்ப் பவளத்தின் மேல் மிதித்தால் அது செத்துப்போகும். ஐம்பது பிள்ளைகளை அங்கே நீருக்குள் விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். ஐந்து நாளில் ஒன்றைக் கைவிட வேண்டி வந்தால் நாங்கள் கைவிடுவது இதைத்தான். கரைவலையைக் கைவிட மாட்டோம்.

புல்மோட்டை, கந்தளாய்?

இரண்டும் நல்ல இடங்கள். ஒரே கிழமைக்குள் இரண்டையும் திணிக்காதீர்கள்.

புல்மோட்டை வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். கரையின் கறுப்பு மணலில் இல்மனைற்று என்ற கனிமம் இருக்கிறது. பாடசாலைக் காந்தம் அதை அவ்வளவாக இழுக்காது. பழுதான கணினி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய பலமான காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டு மணலில் இழுத்தால் கறுப்பு மணிகள் ஒட்டும், வெள்ளை மணல் கீழேயே நிற்கும். இந்தக் கறுப்பிலிருந்து எடுக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத்தான் வகுப்பறைச் சுவரின் வெள்ளைப் பெயின்றில் இருக்கிறது என்று சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். மணல் அகழும் பகுதிக்குள் அனுமதியில்லாமல் போகக்கூடாது.

கந்தளாய்க்குப் போனால் குளக்கட்டில் நின்று, நீர் திறந்துவிடும் துருசையும் மிகை நீர் வழியும் வானையும் பார்த்து வரைய வேண்டும். குளத்தைக் கட்டியது இரண்டாம் அக்கிரபோதி மன்னன் என்று வரலாற்று நூல்களும், குளக்கோட்டன் மன்னன் என்று எங்கள் மரபும் சொல்லும். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி இந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த நாளை நினைவில் வைத்திருப்பவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். முதல் நாள் பாடசாலை மைதானத்தில் மணலாலும் களியாலும் இரண்டு குட்டிக் கட்டுகள் கட்டி நீர் நிரப்பிப் பார்த்துவிட்டுப் போனால், கட்டின் அடியால் நீர் கசிவதற்கு ஏன் பயப்படுகிறார்கள் என்பது புரியும்.

சாப்பாடு?

எல்லாருக்கும் ஒரே மரக்கறிச் சாப்பாடு. ஹலாலா, சைவமா, இன்றைக்கு விரதமா என்ற கேள்விகள் எல்லாம் ஒரே அடியில் முடிந்துவிடும். தேங்காய்ப்பால் விட்ட கறியும் தேங்காய்ச் சம்பலும் இந்த வெயிலில் பதினொரு மணிக்கே புளித்துவிடும். ரொட்டி, அவித்த கடலை, வாழைப்பழம் காலைக்கு. மதியச் சோற்றை ஊருக்குத் திரும்பி வந்து சாப்பிடலாம். குளிர்பானப் போத்தல் வேண்டாம் என்று பெற்றோருக்கும் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிப் பயனில்லை.

கழிவறை?

இதை யாரும் கேட்பதில்லை, நாங்களே கேட்டுக்கொள்கிறோம். கழிவறை எப்படி இருக்குமோ என்ற பயத்தில் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மயங்கி விழுந்தால் எல்லாரும் வெயிலைக் குற்றம் சொல்வார்கள். இடத்தை முடிவு செய்யப் போகும்போது ஓர் ஆசிரியை கூடவே போய்க் கழிவறையைத் திறந்து பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் பக்கத்திலுள்ள பாடசாலையிடமோ வீட்டாரிடமோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள். “பத்து மணிக்கு எல்லாரும் போய் வாறம்” என்று நேரம் குறித்துவிட்டால் வெட்கமும் குறையும்.

பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு?

பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், கடற்கரையில் ஐந்து பேருக்கு ஒருவர். இது எங்கள் கணக்கு, இதற்குக் குறைந்தால் போக மாட்டோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சோடி. சோடியைக் காணவில்லை என்றால் உடனே சொல்ல வேண்டியது மற்றவர். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், மூடிய சப்பாத்து. பையில் ஜீவனி (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கரைசல்) பக்கற்றுகள். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள், மருந்தை ஆசிரியரிடம் கொடுத்து விடுங்கள். அவசரத்துக்கு 1990 இலவச அம்பியுலன்ஸ். சுவாமி மலையில் குரங்குகள் பையைப் பறிக்கும், கையில் பொலித்தீனோடு நிற்காதீர்கள். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. அதைப் படம் எடுக்கக் கூடாது.

நடக்கச் சிரமப்படும் பிள்ளை வரலாமா?

வர வேண்டும். கன்னியாவும் கடற்கரையும் சமாளிக்கக்கூடிய இடங்கள். சுவாமி மலையில் ஏற்றம் இருப்பதால் கோட்டைக்குள் ஓட்டோவுக்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்வோம்.

எவ்வளவு செலவாகும்?

பெருஞ்செலவு பஸ்ஸுக்குத்தான். புறாத்தீவு என்றால் படகுக்கும். கருவிகளுக்கு அநேகமாக ஒன்றுமில்லை. நகரப் பாடசாலை என்றால் டச்சு பேக்கும் கோட்டைக்கும் நடந்தே போகலாம். பணத்தைப் பிள்ளைகளிடம் வகுப்பில் வைத்துச் சேர்க்காதீர்கள். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று பக்கத்துக் கதிரைக்குத் தெரியவே கூடாது. பழைய மாணவரில் ஒருவர் பஸ்ஸைப் பொறுப்பெடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அனுமதி?

அதிபர், வலயக் கல்வி அலுவலகம், பெற்றோரின் கையொப்பம். போகும் இடத்தைப் பொறுத்து வனசீவராசிகள், தொல்பொருள் திணைக்களங்கள். ஒரு மாதம் முந்தியே கடிதங்களைக் கொடுங்கள், பிரதி ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.

கைப்பேசி கொண்டு வரலாமா?

ஆசிரியர்களிடம் இருக்கும். பிள்ளைகளுக்குக் கொப்பியும் பென்சிலும். பேனை வேண்டாம், நனைந்தால் எழுத்து ஓடிவிடும்.

ஒரு கிழமை ரியூசன் தவறிப்போகுமே? இதற்குப் புள்ளி உண்டா?

முதல் நாளைத் தவிர, வேலை பதினொரு மணிக்கு முடிகிறது. ரியூசன் பின்னேரம்தானே. கவலைப்படாதீர்கள், அதைத் தவறவிட யாராலும் முடியாது.

புள்ளி இல்லை. பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் சேர்க்கலாமே என்று சில ஆசிரியர்கள் கேட்கிறார்கள். புள்ளி வந்த உடனே பிள்ளைகள் ஒருவர் கொப்பியை ஒருவர் பார்த்து ஒரே வெப்பநிலையை எழுதத் தொடங்குவார்கள். எங்களுக்கு அந்த ஏழு கிணற்றின் சண்டைதான் வேண்டும்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகத்திலிருந்து வரலாமா?

தாராளமாக. ஆனால் பயணத்துக்கு ஒரு நாள் வர, ஒரு நாள் போக என்று கழித்துவிட்டு, மிச்ச மூன்று நாளுக்கு மூன்றே இடம் போடுங்கள். கருவிகளை உங்கள் பாடசாலையிலேயே செய்துகொண்டு வாருங்கள். நிழல் தடியை அங்கேயும் நட்டுவிட்டு வந்தால், இரண்டு ஊரின் நிழலையும் ஒப்பிடலாம்.

மழை வந்தால்?

மழைமானி வைத்து அளப்போம். இடி மின்னல் என்றால் பஸ்ஸுக்குள்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் வர வேண்டுமா?

கட்டாயம். அன்றைக்குப் பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகள் தங்கள் அளவைகளையும் வரைபுகளையும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். பிரதம விருந்தினர் இல்லை, மாலை இல்லை, வரவேற்புரை இல்லை. நீங்கள் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பிள்ளையிடம் கேள்வி கேட்க வேண்டும். “வடிவா இருக்கு மகள்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போகாதீர்கள். “இது எப்படித் தெரியும்?”, “இந்த எண்ணை எப்படி எடுத்தனீங்கள்?” என்று கேளுங்கள். சொந்தப் பிள்ளையின் மேசைக்குக் கடைசியாகப் போனால் போதும்.

ஒன்பது மணிக்குத் தொடங்கி, ஜும்ஆவுக்குப் போகிறவர்களுக்கு வசதியாகப் பதினொரு மணிக்கு முடித்துவிடுவோம். கதிரை எல்லாருக்கும் போதாது. இருப்பதை அம்மம்மா, அப்பப்பாமாருக்கு விட்டுவிடுங்கள்.